சேற்றுழவுக்கு முன்பு பின் ரயர்த் தண்ணீரை இறக்குவதா, முன் பாரத்தையும் கழற்றுவதா?

கேள்வி இதுதான். காலபோகப் புழுதி உழவுக்காக 45 குதிரைவலு உழவு இயந்திரத்தின் பின் ரயர் இரண்டிலும் தண்ணீர் ஏற்றி, முன்னுக்கு நாலு இரும்புப் பாரமும் கொழுவியிருக்கிறது. இப்போது இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கப் போகிறார்கள். சேற்றில் ரொட்டவேற்றர் (பின்னால் பூட்டும் சுழல்கத்திக் கருவி) அடிக்க வேண்டும். ஏற்றிய பாரத்தை எல்லாம் இறக்க வேண்டுமா, இறக்குவதென்றால் எப்படி?

பின் ரயர்த் தண்ணீரை இறக்குங்கள். முன் பாரத்தில் இரண்டைக் கழற்றி இரண்டை விடுங்கள். "ஏற்றியதை எல்லாம் இறக்கு" என்று கராச்சில் சொல்வார்கள். அதைக் கேட்டு முன்பக்கத்தை முழுதாக வெறுமையாக்கிவிட்டு ரொட்டவேற்றரைத் தூக்கிக்கொண்டு வரம்பு ஏறுவதுதான் இந்த வேலையில் உயிர் ஆபத்தான இடம்.

முதலில் பின் ரயர். காய்ந்த மண்ணில் இழுவை பாரத்தால் வருகிறது. சில்லு எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் செம்மண் தரையில் ஒன்பது கொழுக் கலப்பையோ தட்டுக் கலப்பையோ இழுக்கும்போது தண்ணீர் ஏற்றிய ரயர் கைகொடுக்கிறது. தண்ணீர் கட்டிய களிமண்ணில் கதை வேறு. அங்கே மண்ணின் பலம் அது ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால் வருவது. மேலே பாரம் கூட்டினால் அந்த ஒட்டு கூடாது, சில்லுதான் கீழே போகும். சேற்றில் உதவுவது மண்ணைத் தொடும் பரப்பு. இரும்புச் சில்லு பூட்டுவதும் அதற்காகத்தான். முருங்கன் பக்கம், கட்டுக்கரைக் குளத்தின் கீழே உள்ள கறுப்புக் களியில் இதைத் தெளிவாகவே காணலாம். காய்ந்தால் வெடித்துக் கல்லாகிற அதே மண், தண்ணீர் குடித்தபின் பாரமான இயந்திரத்தை அச்சு மட்டத்துக்கு விழுங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 13.6-28 அளவுள்ள பின் ரயரில் முக்கால் பங்கு தண்ணீர் என்றால் ஏறத்தாழ 185 லீற்றர். இரண்டு ரயருக்கும் சேர்த்து 370 கிலோ. இந்த வகுப்பு இயந்திரம் பாரம் எதுவும் இல்லாமல் 1,900 கிலோ வரும் என்று வையுங்கள். 400 கிலோ ரொட்டவேற்றரைத் தூக்கியபடி திரும்பும்போது பின் அச்சில் நிற்கும் சுமை தண்ணீரோடு 2,245 கிலோ, தண்ணீர் இல்லாமல் 1,875 கிலோ. ஆறில் ஒரு பங்கு சுமை சேற்றுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் கூடவே போகிறது. இயந்திரம் தான் தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறி ஏறித்தான் முன்னால் நகர வேண்டும், டீசல் அதிலேயே போய்விடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அந்தப் போகத்தோடு முடிவதில்லை. நெல் வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கடினமான படை இருக்கும், அதுதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. சில்லு ஆழமாகப் புதைந்து சுழன்றால் அந்தப் படை உடையும். உடைந்த இடத்தில் தண்ணீர் கீழே இறங்கும், அடுத்த போகத்திலும் அதே இடத்தில்தான் இயந்திரம் புதையும். ரயர்க் காற்றைக் குறைத்தால் மேல்மண் இறுகுவது குறையும். ஆழத்து மண்ணுக்குப் போய்ச் சேருவது அச்சின் மொத்தச் சுமை. அதைக் குறைக்கப் பாரத்தை இறக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி முன் பாரம். பின் சில்லில் தண்ணீர் இருந்தால் முன்பக்கம் எழும்பாது என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. பின் அச்சுக்கு நேரே இருக்கும் பாரம் முன் அச்சின் சுமையில் ஒரு கிலோவைக்கூடக் கூட்டாது. இன்னும் சொன்னால், பாரமான பின் சில்லு நன்றாகப் பிடிப்பதால், வழுக்கிச் சுழல வேண்டிய நேரத்தில் வழுக்காமல் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஆகவே தண்ணீரை இறக்குவதால் முன்பக்கம் எழும்பும் என்ற பயம் வேண்டாம். முன்னைத் தூக்குவது பின்னால் தொங்கும் ரொட்டவேற்றர்.

அதே 1,900 கிலோ இயந்திரத்தில் முன் அச்சில் 35 சதவீதம், அதாவது 665 கிலோ நிற்கிறது என்று எடுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீற்றர். ரொட்டவேற்றரின் பாரம் பின் அச்சிலிருந்து 1.2 மீற்றர் பின்னால் விழுகிறது. தூக்கியவுடன் 400 × 1.2 ÷ 2, முன் அச்சிலிருந்து 240 கிலோ போய்விடும். மிச்சம் 425. ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டுமென்றால் இயந்திரத்தின் நிறையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பது பொது விதி, இங்கே அது 380 கிலோ. கைவசம் இருப்பது 45 கிலோதான். கத்திகளிலும் மூடியிலும் 50 கிலோ சேறு ஒட்டினால் அதிலும் 30 போய்விடும். தட்டையான வயலிலேயே இந்த நிலை, வரம்பில் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

முன் பாரம் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் தன் நிறையைவிடக் கூடவே வேலை செய்யும். 28 கிலோப் பாரம் இரண்டு, முன் அச்சிலிருந்து 0.6 மீற்றர் தள்ளித் தொங்கினால், 56 × 2.6 ÷ 2, முன் அச்சில் ஏறுவது 73 கிலோ. நாலும் இருந்தால் 146 கிலோ. அப்படியென்றால் நாலையும் விட்டால் என்ன? முன் சில்லு ஒடுக்கமானது, இந்த வகுப்பில் பெரும்பாலும் 6.00-16. நாலு பாரத்தோடு அது சேற்றைக் கீறிக்கொண்டு போகும், இயந்திரம் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆகவே சம வயலுக்கு இரண்டு போதும். வயலுக்கு வயல் உயரம் மாறி வரம்பும் பெரிதாக இருக்கும் இடத்தில் நாலையும் விட்டுவிடுவது நல்லது. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் உள்ள நிறைகளைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள். நாலு சில்லும் இழுக்கும் இயந்திரமென்றால் முன்பக்கம் இயல்பாகவே பாரமாக இருக்கும், கணக்கு மாறும்.

கழற்றும்போது ரொட்டவேற்றரை நிலத்தில் இறக்கிவிட்டுத்தான் முன் பாரத்தில் கை வைக்க வேண்டும். திரும்பக் கொழுவும்போது முன் பாரம் முதலில், பின்கருவியைத் தூக்குவது பிறகு.

தண்ணீர் இறக்கும் வேலையில் பிழை விடுகிறவர்கள் கூட. உறுதியான சமதரையில் நிறுத்துங்கள். கருவியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிலத்தில் இறக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு சில்லு மட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: கைபிறேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும், அதை விடுவிக்காமல் சில்லைச் சுற்ற முடியாது. கியரும் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி வைப்பது கட்டை மட்டும்தான். முன் சில்லு இரண்டுக்கும், தரையில் நிற்கும் பின் சில்லுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஜாக்கை பின் அச்சு உறையின் கீழே, தடித்த பலகையின் மேல் வைத்து, சில்லு சுற்றும் அளவுக்கு இரண்டு அங்குலம் தூக்கினால் போதும். தூக்கியதும் அச்சின் கீழே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிடுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், அது எச்சரிக்காமல் வெடித்து உதிரும்.

வால்வை மேலே, மணிக்கூட்டில் 12 இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து காற்றை மெதுவாக விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் தெறிக்கும். காற்று அடங்கியபின் வால்வின் ஊசியை அதன் உட்கூட்டோடு கழற்றுங்கள். தண்ணீர் ஏற்றும் வகை வால்வில் உட்கூடு தனியாகக் கழலும், துவாரம் பெரிதாகும், தண்ணீரும் விரைவாக வரும். அழுத்தத்தோடு கழற்றினால் ஊசி எங்கே பறந்து விழுந்தது என்று தேட வேண்டிவரும். பிறகு வால்வை நேர் கீழே, 6 இருக்கும் இடத்துக்குச் சுற்றுங்கள். தண்ணீர் விக்கி விக்கித்தான் வரும், காற்று உள்ளே போக வேறு வழி இல்லை அல்லவா.

விக்கல் நின்று சொட்டு வந்தவுடன் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. வால்வு மேலே நிற்கும்போது வால்வு மட்டம் வரை நிரப்பினால் ரயரில் முக்கால் பங்கு நிரம்பும், அதற்கு மேலே உள்ள கால் பங்கில் காற்று நிற்கும். அதே கால் பங்கு, வால்வு கீழே வரும்போது வால்வுக்குக் கீழே கிடக்கும். அங்கே இருக்கும் தண்ணீர் தானாக வெளியே வராது. 185 லீற்றரில் மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 60 லீற்றர், ஒவ்வொரு ரயரிலும் மிஞ்சுகிறது. தண்ணீர் இறக்கியும் இயந்திரம் முன்போலவே புதைகிறது என்ற முறைப்பாட்டுக்குப் பாதிக் காரணம் இதுதான். தண்ணீர் குலுங்கிக்கொண்டு கிடக்கும் ரயர் வீதியில் வேகமாக ஓடும்போது உதறவும் செய்யும்.

மிஞ்சியதை எடுக்க ரயர்க் கடைகளில் தண்ணீர் ஏற்றி இறக்கும் சிறு கருவி இருக்கும். அதன் மெல்லிய குழாய் ரியூப்பின் அடிவரை போகும், பக்கத்தால் காற்று அடித்தால் தண்ணீர் குழாய் வழியே வெளியே தள்ளப்படும். அது கிடைக்காவிட்டால் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் மெல்லிய குழாயில் ஒரு துண்டு போதும். நுனியைச் சரிவாக வெட்டாதீர்கள், கூர் ரியூப்பைக் குத்தும். நேராக வெட்டி, ஓரத்தை நெருப்பில் மெதுவாகக் காட்டி மழுக்குங்கள். வால்வு கீழே இருக்கும்போதே அடியில் முட்டும்வரை நுழைத்து, மறுநுனியைச் சில்லுக்குப் பக்கத்தில் தோண்டிய சிறு குழிக்குள் விட்டு, தண்ணீரை ஒருமுறை இழுத்துவிட்டால் மிச்சம் தானாக வடியும். குழாயைச் சுற்றிக் காற்றுப் போக இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

கண்டிப்பாக வாயால் இழுக்க வேண்டாம். குளத்துத் தண்ணீர் மாதக்கணக்கில் ரியூப்புக்குள் கிடந்திருக்கிறது.

வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். துருநிறமாக வந்தால் வால்வு, உட்கூடு இரண்டையும் மாற்றிவிடுங்கள். பூநகரிப் பக்கத்திலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கும். ரியூப் இல்லாத ரயரில் அதை ஏற்றியிருந்தால் றிம்மின் உட்பக்கத்தை அரித்திருக்கும், நல்ல தண்ணீரால் கழுவாமல் காற்று அடைக்காதீர்கள். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கல்சியம் குளோரைட்டுக் கலப்பார்கள். வன்னிக்கு அது தேவையே இல்லை, றிம்மைத்தான் தின்னும்.

ஒரு ரயரில் முழுவதும் இறக்கி மற்றதில் கொஞ்சம் விட்டால் இயந்திரம் ஒரு பக்கம் இழுக்கும், சேற்றில் பாரமான பக்கம் முதலில் தாழும். முழுவதும் இறக்க மனமில்லை, பாதி போதும் என்றால் இரண்டு ரயரிலும் வால்வை 3 இருக்கும் இடத்தில், அச்சுக்கு நேரே நிறுத்தி வடியவிடுங்கள். ரயரின் கொள்ளளவில் பாதிக்குத் தண்ணீர் நிற்கும். கரை வயலும் மேட்டு வயலும் கலந்து உழுகிறவர்களுக்கு இது மோசமில்லாத ஏற்பாடு.

தண்ணீர் போனபின் காற்று. வயலுக்கு சதுர அங்குலத்துக்கு 12 முதல் 14 இறாத்தல் வரை போதும். அதற்குக் கீழே போனால் றிம் உள்ளே சுழன்று ரயர் அப்படியே நிற்கும், ரியூப்பின் வால்வு வேரோடு பிய்ந்துவிடும். பெட்டி (ரெயிலர்) கொழுவி வீதியில் ஓடுவதென்றால் ரயரின் பக்கத்திலும் கையேட்டிலும் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள். தண்ணீர் இருந்தபோது வால்வு கீழே இருக்கையில் காற்று அளந்து பழகியவர்களின் அளவுமானியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள், உள்ளே தண்ணீர் போன மானி சரியாகக் காட்டாது.

இரும்புச் சில்லு பூட்டுகிறீர்களென்றால் தண்ணீர் இறக்கிய பிறகு பூட்டுங்கள். ரயரோடு பக்கத்தில் பூட்டும் அரைச் சில்லு, ரயரைவிட விட்டம் சற்றுக் குறைந்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் உறுதியான தரையில் ரயர் தாங்கும், சேற்றில் தாழ்ந்தால் மட்டும் இரும்பு பிடிக்கும். அச்சிலிருந்து வெளியே அதிகம் தள்ளிப் பூட்டினால் பெயரிங் தாங்காது. ஏ9 வீதியிலோ உள்வீதித் தாரிலோ அதோடு ஓடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இறக்கியது அளவாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு முறை. சில்லின் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதே வயலில் கருவியைத் தூக்கிக்கொண்டு பத்துச் சுற்று ஓடித் தூரத்தை அளவுங்கள். பிறகு கருவியைப் போட்டு வேலை செய்தபடி பத்துச் சுற்று. கலப்பையோடு முதலாவது 39 மீற்றர், இரண்டாவது 34 மீற்றர் என்றால் 5 மீற்றர் வழுக்கல், 13 சதவீதம். காய்ந்த நிலத்தில் 10 முதல் 15 சதவீதம் நல்ல அளவு. 7க்குக் கீழே என்றால் புழுதி உழவிலேயே தேவைக்கு மேல் பாரம் ஏற்றியிருக்கிறீர்கள். சேற்றில் 20, 25 வந்தாலும் பதற வேண்டாம், அதைப் பார்த்துத் திரும்பத் தண்ணீர் ஏற்றவும் வேண்டாம். ரொட்டவேற்றரின் கத்திச் சுழற்சியும் இயந்திரத்தை முன்னுக்குத் தள்ளுவதால் அதோடு எடுக்கும் அளவை அப்படியே நம்ப முடியாது, கலப்பையோடு அளப்பதே சரி.

அளக்க நேரமில்லாதவர்கள் காய்ந்த நிலத்தில் ரயர்த் தடத்தைப் பார்க்கலாம். பல் பதிந்த அச்சு அச்சுவெல்லம்போலத் துல்லியமாக நின்றால் பாரம் கூட. தடம் முழுவதும் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தால் பாரம் குறைவு. ஓரத்தில் பல் தெரிந்து நடுவில் மண் உடைந்து கிடப்பதுதான் வேண்டியது.

இவ்வளவும் செய்தும் புதைந்தால், சில்லு சுழலத் தொடங்கியவுடன் கிளச்சை மிதித்து நிறுத்துங்கள். சுழலவிட்டால் கடினப் படையை நீங்களே கடைந்து எடுப்பதாகும். ரொட்டவேற்றரைச் சுழற்றும் பி.ரி.ஓ.வை நிறுத்தி, பின் சில்லுகளுக்குப் பின்னால் மண்ணை வெட்டி, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கப் பாருங்கள். இரண்டு பின் சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லொக் போடுவதென்றால் ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். சில்லோடு மரக்குற்றியைக் கட்டி ஏறுவது பழைய வழக்கம், அதைச் செய்யாதீர்கள். குற்றி நிலத்தில் முட்டியதும் சில்லு சுற்ற முடியாமல் போகும், சில்லைச் சுற்ற வேண்டிய வலு இயந்திரத்தின் உடம்பைத் தூக்கி ஓட்டுனரின் மேல் கவிழ்க்கும். ஒன்றிரண்டு விநாடிதான், குதிக்க நேரம் இருக்காது. வேறு இயந்திரத்தால் இழுப்பதென்றால் பின்னுக்கு, தாழ்வான இழுவைக் கம்பியில் கொழுவித்தான் இழுக்க வேண்டும். மேல் இணைப்பில் கொழுவக் கூடாது. கருவி தூக்கியபடி பெரிய வரம்பு ஏற வேண்டியிருந்தால் பின்பக்கமாக ஏறுங்கள்.

உழவு முடிந்து அறுவடைக்கு நெல் ஏற்றும் காலம் வரும்போது திரும்ப யோசிக்க வேண்டும். இந்த வகை இயந்திரங்களில் பிறேக் பின் சில்லுகளில் மட்டும்தான், பெட்டிக்குப் பெரும்பாலும் பிறேக்கே இல்லை. மூடை அடுக்கிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது நிறுத்துவது அந்த இரண்டு சில்லின் பிடி. ஆகவே ஓட்டம் பெட்டியோடுதான் என்றால் பின் ரயரில் பாதித் தண்ணீராவது இருப்பது நல்லது. பிறேக் மிதி இரண்டையும் கொளுக்கியால் சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் வீதியில் ஏற வேண்டும். ஒற்றை அச்சுப் பெட்டியில் மூடைகளை அச்சுக்குச் சற்று முன்னே கூடுதலாக அடுக்குங்கள். பின்னுக்குக் கூடினால் பெட்டி இயந்திரத்தின் பின்பக்கத்தைத் தூக்கி, இருந்த பிடியையும் எடுத்துவிடும். வறட்சிக் காலத்தில் தண்ணீர்ப் பவுசர் இழுக்கிறவர்கள் பாதி நிரம்பிய பவுசரோடு வளைவில் வேகம் காட்ட வேண்டாம். உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி இழுக்கும், முழுவதும் நிரம்பியதைவிட அதுதான் கெதியில் கவிழும்.